தீயில் பிளாஸ்டிக் கலன்கள்

மெல்லிய பாலித்தீன் பை ஒன்றில் நீரை நிரப்பி, எரியும் மெழுகுவர்த்தியின் சுடருக்கு மேலே பிடித்தால் பை உருகுவதில்லை. அடிப்பகுதியில் கரி படிகிறது, நீர் சிறிது சிறிதாகச் சூடேறுகிறது. பையோ ஓட்டை விழாமல் அப்படியே இருக்கிறது. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மாணவர்கள் விரும்பிச் செய்து காட்டும் சோதனை இது. இதைக் கண்டவர்களுள் பலர், உள்ளே திரவம் இருக்கும்வரை பிளாஸ்டிக் கலனுக்குத் தீயால் கேடில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். இம்முடிவில் உண்மை பாதிதான். பை எவ்வளவு மெல்லியது, உள்ளே இருப்பது எந்தத் திரவம், கலன் எந்த அளவுக்கு நிரம்பியுள்ளது, தீ எவ்வளவு பெரியது என்பவற்றைப் பொறுத்து விளைவு முற்றிலும் மாறிவிடுகிறது. மண்ணெண்ணெய், பெட்ரோல், அமிலம், கிருமிநாசினி ஆகிய அனைத்தும் பிளாஸ்டிக் கலன்களில் அடைபட்டு வீடுகளிலும் கிடங்குகளிலும் பண்டகசாலைகளிலும் இடம்பெற்றுவிட்ட காலத்தில், இவ்வேறுபாடுகளை அறிந்திருப்பது உயிர்காக்கும் அறிவாகும்.

இந்த வேறுபாடுகளை விளக்குவதற்குக் கர்நாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்க வயலைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு பெருமளவில் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் இங்கு கொண்டுவரப்பட்டது. தமிழ் மாவட்டங்களிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களின் உழைப்பால் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே சென்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரை வெளியேற்றும் பணி நின்ற பின் அந்த ஆழங்களை வெள்ளம் நிரப்பிவிட்டது. எனவே சுரங்க அடித்தளத்தைப் பற்றிக் கீழே கூறப்படுபவை கணக்குகளே. ஆனால் பாடத்துக்குரிய கணக்குகள்.

ஓர் ஊரில் இரண்டு கொதிநிலைகள்

கோலார் தங்க வயலின் தரைமட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் சற்றுக் குறைவு. ஆகவே தரைமேல் நீர் 97 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே கொதித்துவிடுகிறது. சுரங்கத்தின் அடியிலோ, 3,200 மீட்டர் உயரமுள்ள காற்றுத்தூண் மேலிருந்து அழுத்துகிறது. அந்த ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்து அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேலாக இருக்கும். நீரின் கொதிநிலை 107 டிகிரியை எட்டும். தரைக்கும் அடித்தளத்துக்கும் இடையே 10 டிகிரி வேறுபாடு.

மெழுகுவர்த்திச் சோதனையில் பையைக் காப்பது இந்தக் கொதிநிலையே ஆகும். சுடர் எவ்வளவு வெப்பத்தைச் செலுத்தினாலும் நீர் அதனை வாங்கிக்கொண்டு தன் கொதிநிலையிலேயே நிற்கிறது. ஒரு லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்கவைத்து முழுதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,560 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இதில் பெரும்பகுதி ஆவியாதலுக்கே செலவாகிறது. பைகளுக்குப் பயன்படும் குறையடர்வுப் பாலித்தீன் 105 முதல் 115 டிகிரி வரை உருகும். கொதிநிலை 97 டிகிரியாக உள்ள மேட்டுநிலத்தில் பைக்குப் போதிய இடைவெளி கிடைக்கிறது. அதே பையை 107 டிகிரியில் நீர் கொதிக்கும் ஆழத்தில் சுடர்மேல் பிடித்திருந்தால், நீர் கொதிக்கத் தொடங்கும் முன்பே பை இளகி அறுந்திருக்கக்கூடும். ஒரே பை, ஒரே நீர், ஒரே மெழுகுவர்த்தி. இடம் மட்டும் மாறுகிறது. கலனைக் காப்பது திரவத்தின் கொதிநிலைக்கும் பிளாஸ்டிக்கின் உருகுநிலைக்கும் இடையேயுள்ள தொலைவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

இந்தத் தொலைவு பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் வேறுபடும். வாளி, கேன் முதலியவற்றுக்கான மிகையடர்வுப் பாலித்தீன் 130 டிகிரி அளவில் உருகும். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரியைத் தாண்டித் தாங்கும். குடிநீர் விற்கப்படும் பெட் புட்டியின் உருகுநிலை 250 டிகிரிக்கு மேல் என்றாலும், அது 75 டிகிரியை ஒட்டியே இளகிவிடுகிறது. ஊதி விரித்து உருவாக்கப்பட்டதாகையால், இளகியதும் சுருங்கி உருக்குலைகிறது. ஆகவே உருகுநிலையை மட்டும் நோக்கிப் பெட் புட்டியை நம்பியவர் ஏமாறுவர். பி.வி.சி.யும் அந்த வெப்பநிலையில் இளகக்கூடியதே. தீயில் அது நச்சும் அரிப்புத் தன்மையும் உடைய ஹைட்ரஜன் குளோரைடு வாயுவையும் வெளியிடுகிறது.

மெல்லிய பை பிழைக்கிறது, தடித்த கேன் உருகுகிறது

மெல்லிய பையே தாங்கும்போது தடித்த கேன் இன்னும் நன்றாகத் தாங்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை நேர்மாறானது. பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. சுடர் தரும் வெப்பம் உள்ளேயுள்ள நீரைச் சென்றடைய வேண்டுமானால், சுவரின் வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். சுவர் தடிக்கத் தடிக்க இந்த வேறுபாடு பெருகும்.

சதுர மீட்டருக்கு 50 கிலோவாட் வெப்பம் பாயும் ஒரு தீயை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிமனுள்ள பாலித்தீன் பையில் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு 6 டிகிரி அளவே. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கேனில் அது 125 டிகிரி. உட்புறம் நீரோடு ஒட்டி 100 டிகிரியில் நின்றாலும், வெளிப்புறம் 225 டிகிரியை எட்ட முயலும்; அதற்கு வெகு முன்பே உருகி வழியத் தொடங்கிவிடும். வழிய வழியச் சுவர் மெலிகிறது. மெலிந்த சுவர் வெப்பத்தை எளிதாகக் கடத்துவதால், உருகுதல் ஓரிடத்தில் நிற்கவும் கூடும். கணக்கின்படி எஞ்சுவது ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்கும் குறைவான தோல். கண்காட்சிப் பையில் சிறிதளவு நீரைத் தாங்க அத்தோல் போதும். 20 லிட்டர் எடையைச் சுமந்து நிற்க அதனால் இயலாது. கேன் வயிறு புடைத்து, கீழ்ப்பகுதியில் கிழிந்து சரிகிறது. நன்கு வளர்ந்த எண்ணெய்த் தீயில் வெப்பப் பாய்வு சதுர மீட்டருக்கு 100 கிலோவாட் அளவுக்கு உயர்வதுண்டு; அப்போது எஞ்சும் தோல் இன்னும் மெல்லியதாகிவிடும்.

தடிமனுக்கு எந்தப் பயனும் இல்லை என்று கொள்வதும் தவறாகும். தடித்த சுவரை வெப்பம் ஊடுருவ நேரம் பிடிக்கிறது. ஒரு மில்லிமீட்டர் பாலித்தீன் சுவரை வெப்பம் ஊடுருவ ஏறத்தாழ 5 வினாடி போதும். 5 மில்லிமீட்டர் சுவரானால் 2 நிமிடம் வேண்டும். நேரம் தடிமனின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதே காரணம். மோட்டார் வாகனங்களின் பிளாஸ்டிக் எரிபொருள் தொட்டிகள் இந்த அடிப்படையிலேயே ஏற்கப்பட்டுள்ளன. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 34ஆம் விதிமுறைப்படி, பாதியளவு எரிபொருள் நிரப்பப்பட்ட தொட்டியை 60 வினாடி நேரடித் தீயிலும், மேலும் 60 வினாடி தடுப்புக்குக் கீழிருந்து எழும் தீயிலும் வைத்துச் சோதிக்கின்றனர், எரிபொருள் கசியக்கூடாது. வண்டியிலுள்ளோர் இறங்கி ஓடத் தேவையான நேரத்தை வாங்கித் தருவதே இத்தொட்டியின் கடமை. தீயை வெல்வது அதன் வேலையன்று. அலுவலகப் பண்டகசாலையில் அடுக்கி வைக்கப்படும் மெல்லிய கேன்களிடம் இந்த இரண்டு நிமிடத்தைக் கூட எதிர்பார்க்க முடியாது.

தொட்டியை முழுவதும் நிரப்பாமல் பாதியளவு நிரப்பிச் சோதிப்பதைக் கவனிக்க வேண்டும். திரவ மட்டத்துக்கு மேலேயுள்ள சுவரைக் குளிர்விக்க எதுவுமில்லை. தீப்பற்றிய கட்டடங்களின் மாடிகளில் உள்ள பிளாஸ்டிக் நீர்த்தொட்டிகள் நீர் நின்ற மட்டம்வரை உருகிச் சரிந்து, அதற்குக் கீழே உருவம் மாறாமல் நிற்பதற்கு இதுவே காரணம். முக்கால் பங்கு காலியான கேன், நிரம்பிய கேனைவிட விரைவில் அழிகிறது.

நீரும் மண்ணெண்ணெயும்

இதுவரை கூறப்பட்டவை பெரும்பாலும் நீரைப் பற்றியன. நீருக்குப் பதிலாக மண்ணெண்ணெய் இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 டிகிரிக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்குகிறது. பாலித்தீன் கேன் 130 டிகிரியில் உருகிவிடுகிறது. அதாவது, திரவம் கொதித்துச் சுவரைக் காப்பாற்றும் வாய்ப்பே இங்கு இல்லை. மண்ணெண்ணெயின் வெப்பக் கொள்ளளவு நீரினுடையதில் பாதிதான். ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பமோ, நீர் உறிஞ்சுவதில் ஒன்பதில் ஒரு பங்கு அளவே. கேன் கிழிந்த பின் நிகழ்வதும் வேறு. கிழிந்த நீர்க்கேன் தீயை ஓரளவு தணிக்கிறது. கிழிந்த மண்ணெண்ணெய்க் கேனோ, ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ 35,000 கிலோஜூல் வெப்பத்தைத் தீயில் சேர்க்கிறது. 13 லிட்டர் நீரை முற்றிலும் ஆவியாக்கப் போதுமான வெப்பம் இது.

பெட்ரோலின் போக்கு இன்னும் விசித்திரமானது. அது 35 டிகிரி அளவிலேயே ஆவியாகத் தொடங்குவதால், திரவ மட்டத்துக்குக் கீழேயுள்ள சுவர் ஒருவாறு குளிர்ச்சியாகவே இருக்கும். மேற்பகுதி உருகி வாய் அகன்றதும், கலன் திறந்த விளக்கைப் போல எரிகிறது. திரவ மட்டம் தாழத் தாழச் சுவரும் அதனோடு சேர்ந்து எரிந்து இறங்குகிறது. அதை யாராவது காலால் தள்ளிவிட்டாலோ, பதற்றத்தில் தூக்கி எறிந்தாலோ, அதுவரை ஓரிடத்தில் நின்ற தீ தரையெங்கும் பரவுகிறது. எரியும் கலனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதால் நேரும் தீப்புண்கள், தீயினாலேயே நேருவதைவிடக் கொடியவையாக அமைவதுண்டு.

சுரங்க ஆழத்தில் இந்த ஆபத்து எவ்வாறு வளர்ந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியில் பாறையின் இயல்பான வெப்பநிலையே 60 டிகிரியைக் கடந்திருந்தது. காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பினால்தான் மனிதர் பணி செய்ய முடிந்தது. இந்திய மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் வகுக்கப்பட்டுள்ள குறைந்தபட்சத் தீப்பற்றுநிலை 35 டிகிரி. குளிரூட்டப்படாத பாறைச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்ட கேனிலுள்ள எண்ணெய், தீப்பொறி எதுவும் நெருங்குவதற்கு முன்பே, எரியக்கூடிய ஆவியைத் தன்மேல் பரப்பியிருக்கும். கோடை வெயிலில் நிற்கும் வண்டியின் பின்புறத்தில் வைக்கப்படும் கேனின் நிலையும் இதற்கு வெகு தொலைவிலில்லை.

சட்டம் கூறுவது

1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் தீப்பற்றுநிலை 23 டிகிரிக்குக் குறைவான பெட்ரோலியத்தை 'அ' வகுப்பாகக் கொள்கிறது. விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர்வரை உரிமமின்றி வைத்திருக்க அதன் 8ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் கலன் எதனாலானது என்பதையும் அப்பிரிவு வரையறுத்துள்ளது: கண்ணாடி அல்லது பீங்கான் கலனானால் ஒரு லிட்டருக்கு மிகாமலும், உலோகக் கலனானால் 25 லிட்டருக்கு மிகாமலும், இறுக மூடப்பட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. இதில் வியப்பில்லை, இங்கிலாந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பாலித்தீன் தற்செயலாகக் கிடைத்ததே 1933ஆம் ஆண்டில்தான். ஆயினும் குடிநீர்ப் புட்டியில் பெட்ரோல் வாங்கிச் செல்வோர், சட்டம் குறிப்பிடாத கலனில் அதைக் கொண்டு செல்கின்றனர் என்பதை அலுவலர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாக நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் தங்க வயல் மக்களுக்கு ரயில்தான் உயிர்நாடி. அந்தப் பெட்டியில் எண்ணெய்க் கேனுடன் ஏறுவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும்.

உலோகக் கலனே எல்லா வகையிலும் மேல் என்று கூறிவிட முடியாது. இறுக மூடிய உலோகப் பீப்பாய் தீயில் சிக்கினால், உள்ளே ஆவியழுத்தம் ஏறி வெடித்துச் சிதறக்கூடும். தீயணைப்போர் அஞ்சுவது இதனையே. பிளாஸ்டிக் கலன் அழுத்தம் ஏறுமுன் உருகி வழிவிட்டுவிடுவதால் இவ்வாறு வெடிப்பது அரிது. பிளாஸ்டிக்கில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது: திரவம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பரவி, எரியும் குளமாகிறது. கிடங்கின் தரையில் வரம்பு கட்டியிருந்தால் பரவலைத் தடுக்கலாம்; வரம்பில்லாத கிடங்கில் பிளாஸ்டிக் பீப்பாய்களை அடுக்குவது, தீ எந்த மூலைக்குப் போக வேண்டும் என்று வழியமைத்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கேனிலிருந்து நேரே தீயின்மீது ஊற்றுவது மற்றொரு பெரும் ஆபத்து. கலனுக்குள் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் வேளையில் சுடர் வாய்வழியே உள்ளே புகுந்தால், எரியும் திரவம் பீறிட்டு எதிரே நிற்பவர்மேல் பாய்கிறது. கோவிட் பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் வீடுதோறும் புகுந்த ஆல்கஹால் கிருமிநாசினிக்கும் இது பொருந்தும். வாயில் நுண்ணிய கம்பிவலையைப் பொருத்தினால் சுடர் உள்ளே செல்லாது. 1815இல் ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காக வடித்த காப்பு விளக்கின் தத்துவமும் இதுவே. எரிபொருள் கேன்களுக்குச் சுடர்த்தடுப்பு வேண்டுமென அமெரிக்கா சட்டமியற்றியது 2020ஆம் ஆண்டில். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி சற்று நீண்டதே.

உடைவதற்கென்றே செய்யப்பட்ட கலன்

பிளாஸ்டிக் கலன் உடைவதையே பயனாகக் கொண்ட இடமும் ஒன்று உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களில் வெடி நிகழும்போது அழுத்த அலை முன்னும் தீச்சுடர் பின்னுமாகச் செல்லும். சுரங்கப் பாதையின் கூரையை ஒட்டி, எளிதில் நொறுங்கும் பிளாஸ்டிக் தொட்டிகளில் நீரை நிரப்பி வரிசையாக வைப்பர். முதலில் வரும் அலை தொட்டிகளை நொறுக்கி நீரைத் துளிகளாகச் சிதறடிக்கிறது; பின்னால் வரும் சுடர் அந்த நீர்ப்படலத்தில் மாய்கிறது. உலோகத் தொட்டியால் இப்பணியைச் செய்ய இயலாது.

தங்கச் சுரங்கத்தில் இதற்கு நேர்மாறான கவலை ஒன்று உண்டு. பொடித்த தாதுவிலிருந்து சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரிக்கும் மக்ஆர்தர்-ஃபாரஸ்ட் முறை 1887இல் காப்புரிமை பெற்றது; கோலார் தங்க வயலை இன்றும் சூழ்ந்து நிற்கும் கழிவுமண் குன்றுகள் அம்முறையின் எச்சங்களே. கர்நாடகத்தின் ஹட்டி தங்கச் சுரங்கத்தில் தங்க உற்பத்தி இன்றும் தொடர்கிறது. சயனைடு கரைசலைச் சுண்ணாம்பு கலந்து காரத்தன்மையுடன் வைத்திருக்கும்வரை அது கட்டுக்குள் இருக்கும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் கொடிய நச்சு அது. ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் பெரும்பாலும் பிளாஸ்டிக் கலன்களில் வருகின்றன. இரண்டும் ஒரே அறையில் இருந்து, சிறியதொரு தீ மூண்டால், எரியாத அமிலமேயாயினும் கலன் உருகியதும் தரையில் ஓடிச் சயனைடைத் தேடிச் செல்லும். தீயைவிட அதன் பின்விளைவே அங்கு உயிரைப் பறிக்கும். ஆகவே அமிலத்தையும் சயனைடையும் தனித்தனிக் கட்டடங்களில், தனித்தனி வடிகால்களுடன் வைக்க வேண்டும். சயனைடு உள்ள இடத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைப் பயன்படுத்துவதும் தவறு. அவ்வாயு ஈரத்துடன் சேர்ந்து மென் அமிலமாகிச் சயனைடிலிருந்து நச்சு வாயுவைக் கிளப்பிவிடும்.

கேன் உருகி எண்ணெய் பரவிய தீயில் நீரை வாரி இறைத்தால், எண்ணெய் நீரின்மேல் மிதந்து மேலும் பரவும். நுரையோ உலர்பொடியோ மணலோதான் ஏற்றவை. மணலுக்கென அலுவலகங்களில் தொங்கவிடப்படும் சிவப்பு வாளிக்கு இந்தியத் தர நிர்ணயம் 2546 துத்தநாகப் பூச்சுள்ள எஃகுத் தகட்டையே வகுத்துள்ளது. விலை குறைவென்று அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வாளிகளை வாங்கி மாட்டும் அலுவலகங்கள் இல்லாமல் இல்லை. நீர் நிரம்பிய பிளாஸ்டிக் வாளியாவது சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். மணலோ கொதிப்பதில்லை, சுழன்று ஓடி வெப்பத்தைச் சுமந்து செல்வதுமில்லை. ஆகவே மணல் வாளியின் சுவர், காலி வாளியின் சுவரைப் போலவே தீயருகில் இளகிவிடும். எடுக்கப் போகும் ஊழியரின் கையில் பிடி மட்டுமே மிஞ்சும்.